இறால் சாப்பிட்டதும் தொண்டை அடைத்தால்

காசிமேட்டில் வாங்கிய இறாலைத் தொக்கு வைத்துச் சாப்பிட்ட சில நிமிடங்களில் தடிப்பும் அரிப்பும் வந்தால், அத்தோடு நின்றுவிட்டால் செட்ரிசின் என்ற அரிப்பு மாத்திரை போதும். ஆளைத் தனியே விடாமல் கவனியுங்கள்.

குரல் கம்முவது, மூச்சிரைப்பு, விடாத வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அனாபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. சிலருக்குத் தடிப்பே வராது, அதற்காகக் காத்திருக்காதீர்கள். உடனே 108.

படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரலாம். நடக்க மட்டும் விடாதீர்கள். ரத்தக் குழாய்கள் தளர்ந்திருக்கும். நிமிர்ந்ததும் இதயத்துக்கு ரத்தம் திரும்பாமல் போகலாம். பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பறப்பது இதனால்தான் ஆபத்து.

முதல் மருந்து அட்ரினலின்தான். பயிற்சி பெற்றவர் அதைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். கிலோவுக்கு 0.01 மி.கி.; பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மி.கி., அதாவது 1 மி.லி. ஆம்பூலில் பாதி. 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று. ஏவில் என்ற அலர்ஜி மருந்து அரிப்பை அடக்கும். இறங்கிய பிரஷரைத் தூக்காது. தேறிய சில மணி நேரத்தில் மறுபடி வரலாம் என்பதால் வார்டிலிருந்து அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள்.

நன்றாக வறுத்தாலும் பயனில்லை. இறாலில் ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் சூட்டில் அழியாது. நண்டிலும் அதே வகைப் புரதம்தான். இறால் பொரித்த எண்ணெயில் போட்ட வஞ்சிரமும் வேண்டாம்.

ஐஸில்லாமல் வெயிலில் கிடந்த சூரை தின்று முகம் சிவந்தால், அது பெரும்பாலும் கெட்ட மீனில் சேர்ந்த ஹிஸ்டமினின் வேலை, ஒவ்வாமை அல்ல.