மலைக் கொரில்லாவைப் பார்க்க உகாண்டா போகிறீர்களா? இந்த வரிசையில் தயாராகுங்கள்

மலைக் கொரில்லாவை எந்த உயிரியல் பூங்காவிலும் பார்க்க முடியாது. அது வாழும் காட்டுக்கே போயாக வேண்டும். 2019 இறுதியில் வந்த கணக்கின்படி உலகத்தில் மொத்தமே 1,063தான் இருக்கின்றன, அதுவும் இரண்டே இடங்களில். ஒன்று, உகாண்டா, ருவாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர். மற்றது, அதற்குச் சற்று வடக்கே உகாண்டாவில் உள்ள பிவிண்டி காடு. நான் போனது பிவிண்டியின் ருஹிஜா பக்கம். விமான டிக்கெட் எடுப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை.

எந்த நாடு?

கொரில்லாவைப் பார்க்கும் பெர்மிட் ருவாண்டாவில் 1,500 டாலர். உகாண்டாவில் 2024 ஜூலையில் இருந்து 800. காங்கோ பக்கம் சண்டை ஓயாததால் இப்போதைக்கு வேண்டாம். என் ஓட்டு பிவிண்டிக்குத்தான். காசு மிச்சமாகிறது என்பதோடு, அந்த மழைக்காட்டுக்குள் நடப்பதே தனி அனுபவம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் மழை கொஞ்சம் குறைவு.

பெர்மிட்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பலரும் லாட்ஜையும் விமானத்தையும் போட்டுவிட்டு அப்புறம் பெர்மிட் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேரைத்தான் விடுவார்கள், அதுவும் ஒரு மணி நேரம் மட்டும். அதனால் சீசனில் பெர்மிட் சீக்கிரம் தீர்ந்துவிடும். உகாண்டா வனவிலங்கு ஆணையம்தான் அதைக் கொடுக்கிறது. பதிவு பெற்ற சுற்றுலா நிறுவனம் மூலமும் வாங்கலாம். வயது 15 நிரம்பியிருக்க வேண்டும்.

பெர்மிட் கையில் வந்ததும் அதில் எந்தப் பகுதி என்று பாருங்கள். பிவிண்டிக்கு நான்கு வாசல்கள்: வடக்கே புஹோமா, கிழக்கே ருஹிஜா, தெற்கே ருஷாகா, இன்குரிங்கோ. எல்லாம் ஒரே காடுதானே என்று நினைத்துவிடாதீர்கள். புஹோமாவில் இருந்து ருஷாகாவுக்கு மலைப்பாதையில் வளைந்து வளைந்து போக மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். காலை எட்டு மணிவாக்கில் ரேஞ்சர் விளக்கம் தொடங்கிவிடும். எந்த வாசலுக்குப் பெர்மிட்டோ, அந்த வாசலுக்குப் பக்கத்திலேயே லாட்ஜ் எடுங்கள்.

(சேர்க்கை: ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இறங்கினால் கிட்ட இருக்குமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். ருஷாகா, இன்குரிங்கோ இரண்டுக்கும் உகாண்டாவின் விமான நிலையம் உள்ள என்டெபேயைவிட கிகாலிதான் பக்கம். 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா உகாண்டா, ருவாண்டா, கென்யா மூன்றுக்கும் செல்லும்.)

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

இது இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் சான்றிதழ் செல்லும். திரும்பி வரும்போது சான்றிதழ் கையில் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு விவரம் விசாரித்துக்கொண்டு போங்கள்.

உடம்பும் உடுப்பும்

கொரில்லா ஒவ்வொரு இரவும் புதுக் கூடு கட்டிப் படுக்கும். டிராக்கர்கள் விடியற்காலையிலேயே போய், முந்தின நாள் குடும்பத்தை விட்ட இடத்தில் தொடங்கி, அந்த இரவுக் கூட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தடம் பிடிப்பார்கள். அதனால் உங்கள் நடை ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், ஆறு மணி நேரமாகவும் இருக்கலாம். பாதை முடிந்ததும் ரேஞ்சர் அரிவாளால் வெட்டி வழி போடுவார். கால் வைக்கும் இடத்தில் மண் இருக்காது. கொடியும் செடியும் மெத்தை போல மண்டிக் கிடக்கும், உள்ளே கால் இறங்கும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைப் பதம் பார்க்கும். ஒரு மாதம் முன்பே படிக்கட்டு ஏறி இறங்கிப் பழகுங்கள்.

கணுக்காலை மூடும், ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூ. பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள், எறும்பு ஏறும். தோட்ட வேலைக்கான தடித்த கையுறை கட்டாயம், ஏனென்றால் பிடிப்புக்குக் கை போகும் இடமெல்லாம் முள்ளும் காஞ்சொறியும்தான். விலை உயர்ந்த ட்ரெக்கிங் கையுறையைவிட இதுவே மேல். மழைக்கோட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர். டாலர் நோட்டு புதிதாக இருக்கட்டும். பழைய வருட நோட்டை அங்கே வாங்க மாட்டார்கள்.

போர்ட்டர், அதாவது பை தூக்கி வரும் உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், பை கனமில்லை என்றாலும். சரிவில் கை கொடுத்து ஏற்றிவிடுவது அவர்தான். காட்டை ஒட்டி வாழும் குடும்பத்துக்கு இந்தக் காடு சோறு போட்டால்தான் காடு நிற்கும்.

கொரில்லா முன்னால்

10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மாஸ்க் போட வேண்டும். இது வெறும் சடங்கு இல்லை. நம் சளியும் இருமலும் அவற்றுக்கும் தொற்றும். 1996-ல் பிவிண்டி கொரில்லாக்களுக்குச் சொறிநோய் வந்து ஒரு குட்டி செத்தது. பக்கத்து ஊர் மனிதர்களிடம் இருந்து தொற்றியிருக்கும் என்று கண்டறிந்தவர் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா. உடம்பு சரியில்லை என்றால் காலையிலேயே ரேஞ்சரிடம் சொல்லிவிடுங்கள். எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் சரி, போகாதீர்கள்.

சில்வர்பேக் (முதுகு முடி வெள்ளியாக நரைத்த, வளர்ந்த ஆண் கொரில்லா) ஓடி வந்தால் ஓடவே கூடாது. குனிந்து உட்கார்ந்து பார்வையைத் தாழ்த்துங்கள். பெரும்பாலும் அது செடித் தண்டைப் பல்லால் உரித்து உள்சதையை மென்றுகொண்டு, உங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கும். ரேஞ்சர் தொண்டைக்குள் உறுமுவது அதற்கு 'பயமில்லை' என்று சொல்வதற்கு.

(இன்னொரு சேர்க்கை: என்ன லென்ஸ் என்று கேட்டவர்களுக்கு, 70–200 மி.மீ. போதும். மரநிழலில் வெளிச்சம் குறைவு, ஃபிளாஷ் போடக் கூடாது, ஆகவே கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் கேமராவை எடுக்காமல் வெறும் கண்ணால் பாருங்கள்.)