பெங்களூருவில் பப் சுற்றும் திட்டமா? இரவு ஒரு மணியிலிருந்து ஆரம்பியுங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கிளம்பி, சனி ஞாயிறு இரண்டு நாளும் பெங்களூருவில் பப் பப்பாகச் சுற்றிவிட்டு, திங்கட்கிழமை காலை ஆபீசில் உட்கார வேண்டும் என்று நண்பர்களில் ஒருவர் ஆரம்பித்தால் போதும், அரைமணி நேரத்தில் பதினைந்து இடங்களின் பெயர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்துவிடும். இரவு ஒரு மணிக்கு எந்த ஏரியாவில் இருப்போம், அங்கிருந்து அறைக்கு எப்படிப் போவோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை பாழாய்ப்போன வாரக்கடைசிகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியில்தான் பாழாயின.

பெங்களூரு பப்கள் மூடும் நேரம் இரவு 1 மணி. மெட்ரோவின் கடைசி ரயிலோ 11 மணியை ஒட்டியே கிளம்பிவிடும். இடையில் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் உங்கள் பிரச்சினை. ஒரு மணிக்கு எல்லா பப்பிலிருந்தும் எல்லோரும் ஒரே சமயத்தில் தெருவுக்கு வருவார்கள், கேப் கட்டணம் எகிறும், புக் ஆன வண்டியும் கேன்சல் ஆகும், போனில் சார்ஜ் 4 சதவீதம் இருக்கும். பன்னிரண்டே காலுக்கே பில்லைக் கேட்டு எழுந்துவிடுங்கள். அதைவிட நல்லது, குடிக்கும் ஏரியாவிலேயே அறை எடுப்பது. வாடகை குறைவு என்று ஊர்க்கோடியில் இருக்கும் எலக்ட்ரானிக் சிட்டியில் ரூம் போட்டுவிட்டு இந்திராநகரில் ராத்திரியைக் கழிப்பவர்கள், மிச்சம் பிடித்த பணத்தை கேபுக்கே கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த தவறு, ஒரே இரவில் ஊரையே சுற்ற நினைப்பது. இந்திராநகரில் டாய்ட், ஹென்னூரில் பிக் ப்ரூஸ்கி, வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ், முடிவில் கோரமங்களா என்று பட்டியல் போடுகிறவர்கள் சனிக்கிழமை மாலை டிராஃபிக்கைப் பார்க்காதவர்கள். ஒரு இரவுக்கு ஒரு ஏரியா போதும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சர்ச் ஸ்ட்ரீட் பக்கத்தைத்தான் சொல்வேன். எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கினால் பிரிகேட் ரோடு, ரெசிடென்சி ரோடு எல்லாம் நடந்தே போய்விடலாம். ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் 1989 முதல் இருக்கும் பெக்கோஸ் பப் இன்னும் பழைய ராக் பாட்டோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் ஒரு பீரோடு உட்கார்ந்தால்தான் இந்த ஊர் ஏன் பப் ஊர் ஆனது என்று புரியும். மறுநாள் இந்திராநகர், 100 அடி ரோடும் 12-வது மெயினும். டாய்ட் 2010-லிருந்து அங்கே சொந்தமாக பீர் காய்ச்சுகிறது, வாரக்கடைசியில் இரவு எட்டு மணிக்குப் போனால் வாசலில் நிற்க வேண்டியதுதான், ஐந்தரைக்குப் போங்கள். கோரமங்களாவுக்கு இன்னும் மெட்ரோ இல்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வைட்ஃபீல்டுக்குப் போவதென்றால் தனியாக ஒரு மதியத்தை ஒதுக்குங்கள்.

ஆண்கள் மட்டும் கும்பலாகப் போவதில் ஒரு சிக்கல் உண்டு. நாங்கள் ஆறு பேர் ஒரு பப் வாசலில் முக்கால் மணி நேரம் நின்று, ‘ஸ்டாக்ஸ்’, அதாவது பெண்கள் கூட இல்லாமல் வரும் ஆண்களை, உள்ளே விடமாட்டோம் என்று சொல்லக் கேட்டுத் திரும்பியிருக்கிறோம். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் முதல் நாளே போன் செய்து, எத்தனை பேர், கவர் சார்ஜ் (நுழைவுக் கட்டணம்) எவ்வளவு, அதில் எவ்வளவு சாப்பாட்டிலும் சரக்கிலும் கழியும் என்று கேட்டிருந்தால் அந்த இரவு வீணாகியிருக்காது. இரவு டிஜே போடும் இடங்களில்தான் இந்தக் கெடுபிடி அதிகம், பீர் காய்ச்சும் இடங்களில் குறைவு. செருப்பு, அரைக்கால் சட்டைக்கும் சில இடங்களில் அனுமதி இல்லை.

வயதுக்கான அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். கர்நாடகாவில் நடைமுறையில் 21 வயதைத்தான் பார்க்கிறார்கள். இதே திட்டத்தை மும்பைக்கோ டெல்லிக்கோ மாற்றினால் கணக்கும் மாறும்: டெல்லியில் 25, மகாராஷ்டிராவில் பீருக்கு 21, விஸ்கி மாதிரியான சரக்குக்கு 25. தேதியையும் பாருங்கள். அக்டோபர் 2 அன்று எங்கும் கிடைக்காது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் அந்தத் தொகுதி முழுக்க மூடியிருக்கும்.

சரி, குடிக்கும் விதத்துக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் கூடவே வருகிறது. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடிவிடும் என்பதால் நாம் வேகமாகக் குடிக்கப் பழகியிருக்கிறோம். பப்பில் ஆறு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது, அங்கே அந்த வேகம் எட்டரைக்கே ஆளைக் கவிழ்த்துவிடும். ‘பீர்தானே’ என்பது இன்னொரு ஏமாற்று. 5 சதவீத பீர் அரை லிட்டர் குடித்தால் 25 மில்லி ஆல்கஹால் உள்ளே போகிறது, 42.8 சதவீத விஸ்கி ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி குடித்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அங்கே காய்ச்சும் பீரில் 7, 8 சதவீதம் வரை இருப்பவையும் உண்டு, மெனுவில் போட்டிருப்பார்கள், படித்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் சின்ன கிளாஸ்களில் எல்லா வகையும் வரும் சாம்ப்ளரைக் கேளுங்கள். போகும் முன்பே வயிறு நிறையச் சாப்பிடுங்கள். சைடு டிஷ் சாப்பாடு ஆகாது. ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

வண்டி விஷயத்தில் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ‘தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்’ என்று மறுநாள் காலை ஆறு மணிக்கே ஓசூர் ரோட்டைப் பிடிப்பதுதான் தெரியாமல் செய்யும் தவறு. அந்த அரை லிட்டர் பீர் உடம்பிலிருந்து போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நாலு குடித்தால் எட்டு, பத்து மணி நேரம். காலையில் தலை தெளிவாக இருப்பது போலத் தெரிந்தாலும் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். ரயிலில் வாருங்கள், அல்லது சாயங்காலம் கிளம்புங்கள்.

கூட வரும் நண்பர்களில் குடிக்காதவர் இருந்தால் ‘ஒரு சிப் அடிடா’ என்று வற்புறுத்தவே வேண்டாம். பில்லையும் சமமாகப் பிரிக்காதீர்கள், ஒரு ஜூஸ் குடித்தவர் இரண்டாயிரம் கொடுக்கும் அநியாயம் நிறைய நடக்கிறது. பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாகச் சேர்ந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயமில்லை என்ற 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. பரிமாறியவருக்குத் தனியாகக் கையில் டிப்ஸ் கொடுத்துவிடுங்கள்.

யாராவது அளவு மீறிப்போய் எழுப்பியும் எழாமல் கிடந்தால் அறையில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்துவிட்டு, ஒருவர் பக்கத்திலேயே இருங்கள். பெண் தோழிகள் தனியாக கேபில் ஏறினால் லைவ் லொகேஷன் அனுப்பச் சொல்லி, வீட்டுக்குள் போய்விட்டேன் என்று மெசேஜ் வரும்வரை விழித்திருங்கள். ஆபத்து என்றால் 112.

திரும்பும்போது பையில் பாட்டில் வேண்டாம். வெளி மாநிலச் சரக்கை அனுமதியில்லாமல் கொண்டுவருவது தமிழ்நாட்டில் குற்றம், ஓசூர் எல்லையில் சோதனை நடக்கும். அப்புறம், ஞாயிறு காலை பிராமின்ஸ் காபி பாரில் இட்லி என்று திட்டம் போட்டு வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள், ஞாயிறு அங்கே விடுமுறை. மல்லேஸ்வரத்தில் சி.டி.ஆர். ஓட்டல் திறந்திருக்கும். வெண்ணெய் தோசைக்குக் கூட்டம் நிற்கும், எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள்.