சரவாங்கி வைத்தியத்துல பண்ணக்கூடாத தப்புங்க: வலி மட்டும் கொறஞ்சா போதாது

வலி கொறஞ்சிருச்சு, அப்போ நோயும் கொறஞ்சிருச்சு. சரவாங்கி இருக்குறவங்க பண்ற தப்புங்கள்ல முக்கால்வாசி இந்த ஒரு நெனப்புல இருந்துதான் பொறக்குது. நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல, சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கெமிஸ்ட் கவுன்டர்ல நிக்குற ஆளு, டாக்டர் கெடையாது, ஆனா டாக்டர் குடுக்குற மருந்துச் சீட்டுல, அதாவது ஸ்கிரிப்ட்ல, என்ன எழுதியிருக்கு, ஜனங்க வீட்டுல உண்மையில என்ன பண்றாங்கன்னு ரெண்டையும் பக்கத்துல இருந்து பாக்குற எடம் இது, அதனால எழுதுறேன்.

சரவாங்கின்னு சொன்னாலும் முடக்கு வாதம்னு சொன்னாலும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்னு சொன்னாலும் விஷயம் ஒன்னுதான். இது வயசாகி மூட்டு தேயுற நோய் இல்ல. நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டுக்கு உள்ள இருக்குற மெல்லிய சவ்வ எதிரின்னு நெனச்சு தாக்குது, சவ்வு வீங்குது, அப்புறம் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்குது. நூறு பேர்ல ஒருத்தருக்கு இல்ல அதுக்கும் கொஞ்சம் கம்மியா வரும், ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம், முப்பது நாப்பது வயசுலயே கூட வரும். முக்கியமான விஷயம் என்னன்னா அரிப்பு ரொம்ப சீக்கிரமே, முதல் ரெண்டு வருஷத்துக்குள்ளயே ஆரம்பிச்சிரும், அரிச்ச எலும்பு திரும்ப வளராது. அதனாலதான் அறிகுறி தெரிஞ்சு மூணு மாசத்துக்குள்ள சரியான மருந்த ஆரம்பிக்கணும்னு டாக்டருங்க துடிக்கிறாங்க.

ஆனா நம்ம ஆளுங்க அந்த மூணு மாசத்த எப்படி செலவு பண்றாங்க தெரியுமா? தைலம், அப்புறம் ஸ்பாசான்னு சொல்ற தெருமுனை சின்னக் கடையில கிராண்ட்பா வலி பவுடர், அப்புறம் யூரிக் ஆசிட் டெஸ்ட். யூரிக் ஆசிட் கவுட்டுங்குற வேற ஒரு மூட்டு நோய்க்கு பாக்குறது, அதுக்கும் சரவாங்கிக்கும் சம்பந்தம் இல்ல. யூரிக் ஆசிட் நார்மல்னு வந்ததும் "ஆர்த்ரைட்டிஸ் இல்லையாம்"னு நிம்மதியா போயிடுறாங்க. இன்னும் சில பேரு ருமட்டாய்டு ஃபேக்டர்ங்குற ரத்த டெஸ்ட் நெகட்டிவ்னு வந்ததும் விட்டுர்றாங்க, அதுவும் தப்பு, நோய் இருக்குறவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்காவது அது நெகட்டிவாதான் வரும். நேர்மாறாவும் நடக்கும், நோயே இல்லாத வயசானவங்களுக்கு பாசிட்டிவ் வரும், டிபி இருந்தாலும் வரும். காலைல எழுந்ததும் ரெண்டு கை விரலும் ஒரு மணி நேரம் மடக்க முடியாம இறுகிக் கெடக்குது, விரல் கணு வீங்கியிருக்குது, ஆறு வாரமா இப்படியேன்னா எந்த ரிப்போர்ட் என்ன சொன்னாலும் மூட்டு வாத டாக்டர (ருமட்டாலஜிஸ்ட்) பாக்கணும்.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு ஆயா வந்தாங்க, கையில பிரட்னிசோன்ங்குற ஸ்டீராய்டு மாத்திரைக்கு பழைய ஸ்கிரிப்ட். கவுன்டர்லயே ஒரு மாத்திரை போட்டுக்கலாம்னு அட்டைய எடுத்தாங்க, அமுக்குறதுக்கு பெருவிரல்ல தெம்பு இல்ல, பல்லால கடிச்சு பிரிக்கிறாங்க. ரெண்டு கையிலயும் விரல் அடிக்கணு பளபளன்னு வீங்கியிருக்கு, மோதிரம் போட்ட தடம் மட்டும் இருக்கு, மோதிரத்த எப்பவோ சோப்பு போட்டு கழட்டியிருக்காங்க. கேட்டா "வலியே இல்ல தம்பி, இந்த சின்ன மாத்திரை போட்டா சமையல் முடிச்சிருவேன், அந்த வாரத்து மாத்திரைதான் வயித்த பொரட்டுது, அத நிறுத்திட்டேன்"னு சொல்றாங்க. நோய நிறுத்துற மருந்த நிறுத்திட்டு வலிய மறைக்கிற மருந்த மட்டும் வெச்சிருக்காங்க. நான் பாக்குறதுல அடிக்கடி நடக்குற தப்பு இதுதான்.

பிரட்னிசோன் மேல இருக்குற இந்த மயக்கம் புதுசு இல்ல. 1948-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல ஃபிலிப் ஹென்ச்ங்குற டாக்டர் படுத்த படுக்கையா இருந்த நோயாளிக்கு இதே ஸ்டீராய்டு குடும்பத்த சேந்த கார்ட்டிசோன் ஊசி போட, சில நாள்லயே எழுந்து நடந்தாங்க, 1950-லயே நோபல் பரிசும் குடுத்தாங்க. அப்புறம்தான் மூஞ்சி வீங்குறது, எலும்பு பொடியாறது, சுகர் ஏறுறது, தொற்று வர்றது எல்லாம் வரிசையா தெரிஞ்சுச்சு. இப்ப 2022-ல வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் என்ன சொல்லுதுன்னா, ஆரம்பத்துல தேவைப்பட்டா கொஞ்ச நாள் குடுங்க, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ கொறச்சு நிறுத்துங்க. வீட்டுக்கு ஒருத்தருக்கு சுகர் இருக்குற நம்ம டர்பன் ஜனங்களுக்கு இது இன்னும் முக்கியம். அதுக்காக இத படிச்சிட்டு நாளைக்கே டக்குன்னு நிறுத்திராதீங்க, ரொம்ப நாளா போடுறவங்களுக்கு உடம்பு சொந்தமா கார்ட்டிசோல்ங்குற அதே மாதிரி ஹார்மோன சொரக்குறத கொறச்சிருக்கும், திடீர்னு நிறுத்துனா மயக்கம் போட்டு விழுந்துருவீங்க, டாக்டர் சொல்ற அளவுல படிப்படியாதான் கொறைக்கணும்.

இப்ப அந்த "வாரத்து மாத்திரை", அதாவது மெத்தோட்ரெக்சேட். இது கேன்சர் மருந்துன்னு நெட்ல படிச்சிட்டு பயந்து வர்றவங்க நெறைய. கேன்சருக்கு குடுக்குற அளவு எங்கயோ, சரவாங்கிக்கு குடுக்குற அளவு எங்கயோ. 1988-லயே அமெரிக்காவுல சரவாங்கிக்குன்னு அனுமதி குடுத்தாச்சு, இன்னிக்கும் உலகம் பூரா முதல் மருந்து இதுதான். ஆனா இதுல ஒரு தப்பு உயிரையே எடுக்கும்: வாரத்துக்கு ஒரு தடவை போட வேண்டியத தெனமும் போடுறது. 2.5 மில்லிகிராம் மாத்திரை, 15 மில்லிகிராம்னு எழுதியிருந்தா ஆறு மாத்திரை, வாரத்துல ஒரே நாள். மத்த மாத்திரை எல்லாம் தெனமும் போடுற பழக்கத்துல இதையும் தெனமும் போட்டா எலும்பு மஜ்ஜை ரத்தம் செய்யுறத நிறுத்திரும், வாயெல்லாம் புண்ணாகும், ஆள் போயிருவாங்க. ஒரு கெழமைய முடிவு பண்ணி டப்பா மேலயே பெருசா தமிழ்ல எழுதி ஒட்டுங்க, வயசானவங்க இருக்குற வீட்டுல வேற ஒருத்தர் எடுத்துக் குடுங்க. ஃபோலிக் ஆசிட் மாத்திரைய "அது வெறும் வைட்டமின்தானே"ன்னு விடாதீங்க, வயித்த பொரட்டுறதும் வாய்ப்புண்ணும் கொறையுறது அதனாலதான். அப்படியும் பொரட்டுனா டாக்டர்ட்ட சொன்னா ஊசியா மாத்தித் தருவாங்க, அந்த ஆயாவுக்கு இத யாரும் சொல்லல.

இதோட எத சேக்கக்கூடாதுங்குறது இந்த நாட்டுல ரொம்பவே முக்கியம். கோ-ட்ரைமாக்சசோல்ங்குற ஆன்டிபயாட்டிக், பாக்ட்ரிம்னு சொல்லுவாங்க, எச்ஐவி சிகிச்சைலயும் மூத்திர தொற்றுக்கும் இங்க சகஜமா குடுப்பாங்க. மெத்தோட்ரெக்சேட்டும் இதுவும் சேந்தா ரத்த அணுக்கள் படுபாதாளத்துக்கு போயிரும். டே கிளினிக்ல வேற டாக்டர் அவசரத்துல எழுதிருவாரு, உங்க ஃபைல் அவர்கிட்ட இருக்காது, நீங்கதான் வாயத் தொறந்து சொல்லணும். கிராண்ட்பா பவுடர்ல ஆஸ்பிரின், பாராசிட்டமால், காஃபின் மூணும் இருக்கு, டாக்டர் குடுத்த வலி மாத்திரைக்கு மேல இதையும் தெனமும் ரெண்டு பாக்கெட் போட்டா வயித்துல புண்ணு, கிட்னிக்கும் கேடு, கிட்னி மந்தமானா மெத்தோட்ரெக்சேட் வெளிய போகாம உடம்புலயே தங்கிரும். காவடிக்கு விரதம் இருக்குறவங்களும் கவனிக்கணும், வெயில்ல தண்ணி கூட குடிக்காம நடந்தாலோ, வயித்தால போயிட்டு இருந்தாலோ அந்த வாரத்து டோஸ போடலாமான்னு கேட்டுட்டு போடுங்க. புரட்டாசி சைவத்துல ஒரு பிரச்சினையும் இல்ல. மது வேணாம். குழந்தை பெத்துக்க நெனைக்கிற பொண்ணுங்க மூணு மாசம் முன்னாடியே டாக்டர்ட்ட பேசி மாத்தணும், வயித்துல புள்ள தங்குன அப்புறம் சொல்றது ரொம்ப லேட்.

இன்னொன்னு, பொறுமை. இந்த மருந்து வேலை காட்ட ஆறுல இருந்து பன்னெண்டு வாரம் ஆகும். மூணாவது வாரமே "கேக்கல"ன்னு நிறுத்திட்டு ஊர்ல இருந்து பேர் போடாத சூரணம் வரவழைக்கிறவங்கள பாக்குறேன். சித்தா ஆயுர்வேதத்த நான் கொறை சொல்லல, ஆனா லேபிள் இல்லாத பொடி வேற விஷயம். 2004-ல அமெரிக்க மருத்துவ ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, பாஸ்டன் கடைங்கள்ல வாங்குன 70 ஆயுர்வேத மருந்துல 14-ல ஈயம், பாதரசம், ஆர்சனிக்ல ஏதாச்சும் ஒன்னு இருந்துச்சு. ரெண்டே நாள்ல வலி மாயமா போச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க, உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். இங்க சூலு வைத்தியர்ட்ட வாங்குற மூத்தி, அதாவது நாட்டு மருந்துக்கும் இதே கதைதான்.

ரத்த டெஸ்ட்டுக்கு வருவோம். இதுல ரெண்டு வகை இருக்கு, ஜனங்க ரெண்டையும் ஒன்னா போட்டு கொழப்பிக்கிறாங்க. ஈஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் நோய் எவ்வளவு எரியுதுன்னு பாக்குறது. ரத்த அணுக்கள், லிவர், கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்), இந்த மூணும் மருந்து உடம்ப கெடுக்குதான்னு பாக்குறது, ஆரம்பத்துல ரெண்டு நாலு வாரத்துக்கு ஒருக்கா, எல்லாம் நெலைக்கு வந்தப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா. "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ரத்தம்"னு ரெண்டாவது வகைய விடுறாங்க, லிவர் கெடுறது ஆரம்பத்துல வெளிய தெரியவே தெரியாது. ஒருக்கா பாசிட்டிவ்னு தெரிஞ்ச ருமட்டாய்டு ஃபேக்டர மாசாமாசம் திரும்ப எடுக்குறது வீண் காசு, அது நோயோட ஏத்த எறக்கத்த காட்டாது. சிஆர்பி நார்மலா இருந்தும் மூட்டு வீங்கியிருக்கலாம், அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்புறம் நம்மள மாதிரி ஊருக்கு ரிப்போர்ட் அனுப்புறவங்களுக்கு ஒன்னு: இங்க கிரியாட்டினின மைக்ரோமோல்ல எழுதுவாங்க, இந்தியாவுல மில்லிகிராம்ல. இங்க 80-ன்னா அங்க கிட்டத்தட்ட 0.9, ரெண்டும் நல்ல நம்பர்தான், ஆனா வாட்ஸ்அப்ல வெறும் "80"-ன்னு பாத்துட்டு கோயம்புத்தூர்ல இருக்குற சித்தப்பா கிட்னி போச்சுன்னு அழுதிருக்காரு. சுகரும் அப்படித்தான், இங்க 7-ன்னா அங்க 126.

சரி, நோய் அடங்கிருச்சான்னு எப்படித்தான் தெரியும்? டாக்டர் கையாலயே 28 மூட்ட அமுக்கிப் பாத்து, எத்தன வீங்கியிருக்கு எத்தன வலிக்குதுன்னு எண்ணி, சிஆர்பியோ ஈஎஸ்ஆரோ சேத்து ஒரு மார்க் போடுவாங்க, டாஸ்28-ன்னு பேரு, 2.6-க்கு கீழ போனா நோய் அடங்கிருச்சுன்னு கணக்கு. அந்த மார்க் வர்ற வரைக்கும் மருந்த ஏத்திக்கிட்டே, மாத்திக்கிட்டே போகணும்ங்குறதுதான் இப்ப உலக வழக்கம். 2004-ல ஸ்காட்லாந்துல கிளாஸ்கோல நடந்த டிகோரா ஆய்வுல 110 பேர ரெண்டா பிரிச்சாங்க, ஒரு பாதிய மாசாமாசம் பாத்து மார்க் போட்டு மருந்த மாத்துனாங்க, இன்னொரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். ஒன்றரை வருஷத்துல முதல் கூட்டத்துல 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்குச்சு, ரெண்டாவதுல 16 சதவீதம்தான். இதுல புது மாய மருந்து ஒன்னும் இல்ல, இருந்த மருந்தயே விடாம அளந்து அளந்து குடுத்தாங்க, அவ்வளவுதான். அதனால "இப்ப பரவால்ல டாக்டர்"னு சொல்லி எழுந்து வராதீங்க, என் மார்க் என்னன்னு கேளுங்க. இன்னொன்னு, அந்த 28 மூட்டுல பாதமும் கணுக்காலும் இல்ல! கால் விரல் அடி வலிச்சா நீங்களே ஷூவ கழட்டிக் காட்டணும்.

மாத்திரை கேக்கலன்னா பயாலஜிக் ஊசி, எதிர்ப்பு சக்தியில வீக்கத்த தூண்டுற குறிப்பிட்ட பொருள மட்டும் தடுக்குறது. இங்க பெரிய தப்பு டிபிய மறைக்கிறது. அப்படி வீக்கத்த தூண்டுற டிஎன்எஃப்ங்குற பொருள்தான் உடம்புல தூங்குற டிபி கிருமிய கூண்டுல அடைச்சு வெச்சிருக்கு, அத தடுக்குற ஊசிய போட்டா கூண்டு தொறந்துரும், அப்படிப்பட்ட ஒரு ஊசியான இன்ஃப்ளிக்சிமாப் போட்டவங்கள்ல 70 பேருக்கு டிபி வந்தத 2001-லயே எழுதிட்டாங்க. தென்னாப்பிரிக்காவோ டிபி அதிகமா இருக்குற நாடு. சின்ன வயசுல டிபி வந்துச்சு, பக்கத்து வீட்டுக்கு தெரிஞ்சா கேவலம்னு டாக்டர்ட்டயே மறைச்சா அது நேரா உயிருக்கு வெக்கிற வேட்டு. ஊசிய 2-ல இருந்து 8 டிகிரில வெக்கணும், லோட் ஷெடிங்னு கரண்ட் கட் வந்தா ஃபிரிட்ஜ் கதவ தொறக்காதீங்க, பயந்து போய் ஃப்ரீசர்லயும் போடாதீங்க, உறைஞ்ச ஊசிய தூக்கித்தான் போடணும்.

மெடிக்கல் எய்டு, அதாவது மருத்துவக் காப்பீடு, இருக்குறவங்க, எந்த பிளானா இருந்தாலும், கட்டாய நாட்பட்ட நோய் பட்டியல்ல இது இருக்கு, டாக்டர் மூலமா ரெஜிஸ்டர் பண்ணணும், பண்ணாம பிளானோட சேவிங்ஸ் கணக்குல இருந்து கட்டிட்டு இருக்காதீங்க. பயாலஜிக் கெடைக்குமாங்குறது தனி சண்டை.

ஆராய்ச்சி செய்திய படிக்கிறதுலயும் ஒரு பொறி இருக்கு. "புது மருந்து 60 சதவீதம் பேருக்கு பலன்"னு போடுவாங்க, உள்ள போய் பாத்தா ஏசிஆர்20-ன்னு இருக்கும், அதாவது வீக்கமும் வலியும் 20 சதவீதம் கொறஞ்சாலே பலன்னு கணக்கு, குணமாச்சுன்னு அர்த்தம் இல்ல. சரவாங்கிக்கு வந்த டோஃபாசிட்டினிப்ங்குற புது மாத்திரையையும் எல்லாரும் கொண்டாடுனாங்க, அப்புறம் 50 வயசுக்கு மேல இதய ஆபத்து இருக்குறவங்கள வெச்சு நடத்துன பெரிய ஆய்வுல, டிஎன்எஃப் ஊசி போட்டவங்கள விட மாரடைப்பு மாதிரி இதயப் பிரச்சினையும் கேன்சரும் அதிகம்னு 2022-ல வெளியாச்சு. மருந்து மோசம்னு இல்ல, யாருக்குங்குறதுதான் கேள்வி.

கையில கட்டுற ஸ்மார்ட் வாட்ச் நடைய எண்ணும், தூக்கத்த சொல்லும், நல்லதுதான், ஆனா அதுக்கு மூட்டு வீக்கம் தெரியாது. அதவிட பிபியும் கொலஸ்ட்ராலும் பாருங்க, சரவாங்கி இருந்தாலே இதய நோய் ஆபத்து ஒன்றரை மடங்கு, சிகரெட்ட விடலன்னா மருந்தும் சரியா கேக்காது. கைய அசைக்காம பொத்திப் பொத்தி வெக்கிறதும் தப்பு, இங்கிலாந்துல 490 பேர வெச்சு நடத்துன ஆய்வுல முறையா கைப் பயிற்சி பண்ணவங்களுக்கு கை நல்லா வேலை செஞ்சுச்சு.

கடைசியா, காலைல அஞ்சு மணிக்கே ஆஸ்பத்திரி க்யூல நின்னு டாக்டர பாக்குறதுக்குள்ள பதினோரு மணி ஆயிரும், அதுக்குள்ள விரல் வீக்கம் பாதி எறங்கியிருக்கும். எழுந்ததும் ரெண்டு கையையும் மேசையில விரிச்சு வெச்சு ஃபோன்ல ஒரு படம் எடுத்துக்கிட்டு போங்க, தேதி அதுலயே இருக்கும். கூடவே வீட்டுல இருக்குற எல்லா மாத்திரை டப்பாவையும், பவுடர், சூரணம் உட்பட, ஒரு பையில போட்டு கொண்டு போங்க, திட்டு விழுந்தாலும் பரவால்ல.