வெள்ளத்துக்குப் பிறகு வன்னிக்கு மருத்துவ உதவிக்கு வருகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் பாய்ந்தது. இப்படியான செய்தி போனால் போதும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம்மவர்கள் உடனே டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

வெளிநாட்டில் எவ்வளவு பெரிய டொக்டராக இருந்தாலும், இலங்கை மருத்துவச் சபையில் தற்காலிகப் பதிவாவது எடுக்காமல் இங்கே நோயாளியைப் பார்க்க முடியாது. சுற்றுலா விசாவில் வந்து கோயில் மண்டபத்தில் பனர் கட்டி முகாம் நடத்துவது சரிவராது. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தில் முதலில் பேசுங்கள். எந்த ஊரில் ஆள் குறைவு, எங்கே ஏற்கெனவே மூன்று முகாம் நடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது சூட்கேஸ் மருந்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிறஷருக்கு லொசார்ட்டன் எடுக்கும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அது சிறிய கடதாசிப் பையில் கிடைக்கும். முகாமில் அதே மருந்தை வேறு பெயருள்ள பளபளப்பான அட்டையில் கொடுக்கிறீர்கள். அவருக்கு அது புது மருந்து. பழையதோடு சேர்த்து இரண்டையும் விழுங்குவார், பிறகு தலைசுற்றி விழுவார். வீடு மூழ்கினாலும் கிளினிக் கொப்பியைச் சொப்பின் பையில் சுற்றிக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நம் ஆட்கள். அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் கொடுத்த குளிசையின் பெயரை, பிராண்ட் பெயராக இல்லாமல் மருந்தின் பெயராகவே, அதில் எழுதிவிடுங்கள். நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். காலாவதியாகப் போகிற மிச்சங்களை இங்கே கொண்டுவந்து கொட்ட வேண்டாம்.

காய்ச்சலோடு உடம்பு உளைவு என்று ஒருவர் வந்தால் டைக்ளோஃபெனாக், ஐபூபுரோஃபன் போன்ற வலிக் குளிசைகளைக் கொடுப்பதும் ஆபத்து. டெங்கு என்றால் இரத்தக்கசிவு கூடும். எலிக்காய்ச்சல் (எலியின் சலம் கலந்த தண்ணீரால் தொற்றும் லெப்டோஸ்பைரோசிஸ்) என்றால் சிறுநீரகம் கெடும். என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பனடோல் போதும். வயலில் இறங்கினாரா, கெண்டைக்கால் வலிக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, சலம் குறைந்ததா என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் வெள்ளம் வந்து ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் காட்டும். என்னைக் கேட்டால், முதல் வாரக் கூட்டத்தோடு முண்டியடிப்பதைவிட மூன்றாவது வாரம் வருவது மேல்.

வெள்ளத்தில் புடையன் பாம்பு வீட்டுக்குள் ஏறும். கடித்த இடத்தைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். பரியாரியிடம் போவோம் என்று வீட்டார் நின்றால் அங்கே நின்று வாதாடாதீர்கள், வாகனத்தைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது.

நோயாளியைப் படம் பிடித்துப் போடாதீர்கள். போரில் யாரை இழந்தீர்கள் என்று நீங்களாகக் கிளறாதீர்கள்.

அப்புறம், வீடு வீடாகப் போகும்போது குறுக்குப் பாதை வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. வெள்ளம் வெடியை இடம் மாற்றியும் போடும். கிராம அலுவலரையோ குடும்பநல மாதுவையோ கூட்டிக்கொண்டு ஊர்ச்சனம் நடக்கும் பாதையிலேயே போங்கள்.