'அலாரம்' என்ற சொல்லின் வேரைத் தேடிப் போவது எப்படி?

எச்சரிக்கைச் சொல் ஒன்றின் பிறப்பைத் தேடப் போகிறீர்கள் என்றால், அகராதியைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை முதன்முதலில் கத்தியவன், கேட்டவனை என்ன செய்யச் சொன்னான்? பொருள் என்ன என்பதை அப்புறம் பார்க்கலாம். இன்று அகராதியில் சாதுவான பெயர்ச்சொல்லாக உட்கார்ந்திருக்கும் எச்சரிக்கைச் சொற்களில் பல, யாரோ தொண்டை கிழியக் கத்திய ஏவல்களாகப் பிறந்தவை.

பழகிப் பார்க்க அலாரமே போதும். ஐரோப்பாவில் பெரும்பாலான மொழிகளில் இது ஏதாவது ஒரு உருவில் இருக்கிறது: ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, போலிஷ் எல்லாவற்றிலும் அலார்ம், இத்தாலியத்தில் அல்லார்மே, ஸ்பானியத்தில் அலார்மா, வெல்ஷில் லாரும். இத்தனை ஒற்றுமையைப் பார்த்ததும் "லத்தீனிலிருந்து வந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து போகத் தோன்றும். போகாதீர்கள். லத்தீனில் ஆயுதங்களுக்கு 'ஆர்மா' என்ற சொல் இருந்தது, அவ்வளவுதான். 'அலார்மா' என்று ஒரு சொல் பண்டைய ரோமானியரிடம் இல்லை.

சரி, எங்கே தொடங்குவது? கடன் கொடுத்த மொழியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்படுகிறது, கொடுத்தது பழைய பிரெஞ்சு. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு சொல்லின் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோமா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: அந்த மொழியில் சொல் துண்டு துண்டாக உடைய வேண்டும், ஒவ்வொரு துண்டுக்கும் அங்கே பொருள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அலார்ம் உடையாது. பிரெஞ்சில் உடைவது போலத் தோன்றும், ஆனால் "ஆயுதங்களை எடுங்கள்" என்று ஒரு பிரெஞ்சுக்காரர் தன் மொழியில் கத்தினால் இயல்பாக வருவது 'ஓஸார்ம்'தான்; அவர்களுடைய தேசிய கீதத்தின் பல்லவியே அப்படித்தான் தொடங்குகிறது. இத்தாலியத்துக்கு வந்தால் சொல் சுத்தமாக உடைகிறது. 'ஆ' என்றால் நம் நான்காம் வேற்றுமை உருபு 'கு' போல, என்ன, நமக்குப் பின்னால் ஒட்டுவது அங்கே முன்னால் நிற்கும். அடுத்து வருவது ஆங்கிலத்து 'தி' போன்ற ஆர்ட்டிகிள். கடைசியில் 'ஆர்மே', அதாவது ஆயுதங்கள். மூன்றும் சேர்ந்தால் அல்லார்மே: "ஆயுதங்களுக்கு!" வினைச்சொல் கூட இல்லை, எதிரி வாசலில் நிற்கும்போது அதற்கெல்லாம் ஏது நேரம். இன்று இத்தாலியர்கள் இந்த மூன்றையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதுகிறார்கள், அதனால் பேசுகிறவர்களுக்கே உள்ளே ஆயுதம் இருப்பது சட்டென்று உறைக்காது.

ஒரு சொல்லைக் கண்டுபிடித்ததும் அதே அச்சில் வார்த்த இன்னொன்று இருக்கிறதா என்று தேடுங்கள். நீங்கள் உடைத்த விதம் சரியா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அலாரத்துக்கு 'அலர்ட்' என்ற இரட்டைப் பிறவி இருக்கிறது. இத்தாலியத்தில் 'எர்த்தா' என்றால் செங்குத்தான மேடு, 'அல்லெர்த்தா' என்றால் "மேட்டுக்கு!", அதாவது ஏறி நின்று காவல் பார். இது 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்குள் போய் 'அலெர்த்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. காலத்தைக் கவனியுங்கள்: 1494இல் பிரெஞ்சுப் படை இத்தாலிக்குள் நுழைந்து தொடங்கிய போர்கள் 1559 வரை இழுத்துக்கொண்டே போயின, அந்த ஆண்டுகளில்தான் இத்தாலியப் போர்ச் சொற்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே போயின. காவல்காரனைக் குறிக்கும் சென்டினல், படைத்தலைவன் கர்னல் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அலாரம் இவற்றுக்கு முன்பே கிளம்பிவிட்டது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் "எடு", மற்றதில் "ஏறு" என்ற இரண்டு கட்டளைகளும் காதில் விழும்.

அடுத்து, தலை போன உருவங்களை, அதாவது முதல் ஒலி உதிர்ந்துபோனவற்றை, தேட வேண்டும். புதிதாகச் சொல்லாய்வு செய்பவர்கள் அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான், ஏனென்றால் 'அ' வரிசையில் தேடிக் கிடைக்காவிட்டால் அந்த மொழியில் சொல்லே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். 'ல' வரிசைக்கும் போங்கள். அலார்ம் என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழுகிறது, முதல் 'அ' பலவீனமானது. ஜெர்மன், ஸ்வீடிஷ், டேனிஷ் போன்ற ஜெர்மானியக் குடும்பத்து மொழிகளில் அழுத்தம் பொதுவாகச் சொல்லின் தொடக்கத்தில் விழுவதால், அப்படிப்பட்ட வாய்க்கு இந்த 'அ' தேவையில்லாத சுமை, விழுந்துவிடும். ஜெர்மனில் 'லெர்ம்', ஸ்வீடிஷிலும் டேனிஷிலும் 'லார்ம்' என்று கிடைப்பது அப்படி வந்தவைதான். ஆங்கிலத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே 'ர்'-க்கும் 'ம்'-க்கும் நடுவில் ஒரு உயிரொலி புகுந்து 'அலாரம்' என்ற உருவம் 15ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது (நாம் சொல்லும் அலாரத்திலும் நாக்கு அதே வேலையைத்தான் செய்திருக்கிறது, தமிழ்ச் சொல் 'ர்ம்' என்று முடியாது). அப்புறம் முதல் 'அ'வை "ஒரு" என்ற பொருள் தரும் ஆர்ட்டிகிள் என்று நினைத்துப் பிரித்து, மிச்சத்தை 'லாரம்' என்று தனிச் சொல்லாகவே எழுதினார்கள். வெல்ஷில் இருக்கும் லாரும் இந்த உருவத்தின் உறவு.

லெர்ம் ஜெர்மனியோடு நிற்கவில்லை. கிழக்கே போய் ஹங்கேரியத்தில் 'லார்மா', ருமேனியத்தில் 'லார்மெ', செர்பியத்திலும் 'லார்மா', போலிஷில் 'லார்மோ'. இவை எல்லாவற்றுக்கும் இரைச்சல், கூச்சல் என்றே பொருள்.

இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஆயுதம் எடு என்ற கட்டளை எப்படி இரைச்சல் ஆனது? பொருள் மாற்றத்தைத் தேடும்போது அகராதிப் பொருள்களை மட்டும் பார்க்காதீர்கள், மரபுத் தொடர்களைப் பாருங்கள், பழைய பொருள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஜெர்மனில் 'லெர்ம் ஷ்லாகன்' என்று ஒரு தொடர் உண்டு, சொல்லுக்குச் சொல் "இரைச்சலை அடிப்பது". இரைச்சலை எப்படி அடிக்க முடியும்? முரசை அடிக்கலாம். படை முகாமில் வாயால் கத்திய கட்டளையை முரசும் எக்காளமும் ஏற்றுக்கொண்டன, சொல் அந்த ஒலிக்குப் பெயரானது, பின் எந்த ஒலிக்கும் பெயரானது. அந்தத் தொடருக்கு இன்றும் பொருள் "ஆபத்து என்று ஊரைக் கூட்டுவது"தான். தனியாக நிற்கும் லெர்மோ போரை முழுக்க மறந்துவிட்டது: ஜெர்மனியின் நெடுஞ்சாலை ஓரங்களில் வண்டிச் சத்தத்தைத் தடுக்கக் கட்டும் சுவருக்கு 'லெர்ம்ஷுட்ஸ்வாண்ட்' என்று பெயர். எச்சரிக்கைக்கு ஒரு சொல் வேண்டியிருந்ததால் ஜெர்மன் 'அலார்ம்' என்ற முழு உருவத்தையும் வைத்துக்கொண்டது. ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள் ஒரே மொழியில், ஒன்று தொல்லை, மற்றது எச்சரிக்கை. ஸ்வீடிஷ் இந்த அளவுக்குப் பிரித்துக்கொள்ளவில்லை, அங்கே லார்ம் என்றால் சத்தமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

பொருள்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் கட்டளை, அதை அறிவிக்கும் ஒலி, வெறும் இரைச்சல், அந்த ஒலியைக் கேட்டவனின் பயம், கடைசியாக ஒலி எழுப்பும் கருவி என்று ஒரு பாதை தெரியும். ஒரே ரயிலில் ஏறி ஆளுக்கொரு ஊரில் இறங்கிக்கொண்டது போல, ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு இடத்தில் இறங்கிவிட்டது. ஆங்கிலமும் பிரெஞ்சும் பயத்தில் இறங்கின, அதனால்தான் ஆங்கிலத்தில் ஒருவரை 'அலார்ம்' செய்வது என்றால் அவரைக் கலவரப்படுத்துவது. கருவி என்ற பொருளும் பழையதுதான், அலாரக் கடிகாரம் என்ற பேச்சு 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்தில் உண்டு. ஸ்பெயினில் சொல் சட்டத்துக்குள்ளேயே போய்விட்டது. 1978ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 116ஆவது பிரிவு மூன்று வகை நெருக்கடி நிலைகளைச் சொல்கிறது, அவற்றில் மிக லேசானதற்குப் பெயர் 'எஸ்தாதோ தே அலார்மா'. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நாடு முழுக்க அறிவித்தது இதைத்தான்.

இனி, விழக்கூடிய குழிகள். முதல் குழி 'அல்'. ஸ்பானியத்தில் 'அல்' என்று தொடங்கும் சொற்களில் நிறைய அரபியிலிருந்து வந்தவை, பருத்தியைக் குறிக்கும் 'அல்கொதோன்' போல. அதனால் அலார்மாவையும் அரபிக் கணக்கில் எழுதிவிடத் தோன்றும். அகராதியில் பக்கத்திலேயே 'அலார்தே' என்ற சொல் இருந்து குழப்பத்தைக் கூட்டும், பகட்டுக் காட்டுவது என்று பொருள். இது உண்மையாகவே அரபிதான், படையை அணிவகுத்துக் காட்டுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் படை சம்பந்தப்பட்டவை, இரண்டும் 'அல்', ஆனாலும் உறவு கிடையாது. எழுத்தை நம்பாதீர்கள், பழைய சான்றுகளை நம்புங்கள்.

இரண்டாவது குழி இன்னும் ஆழம். பிரெஞ்சில் 'லார்ம்' என்றால் கண்ணீர். தலை போன அலாரம்தான் இது, பயந்து அழுதார்கள் என்று கதை கட்ட யாருக்கும் ஆசை வரும். இது லத்தீன் 'லக்ரிமா'விலிருந்து வந்த வேறு சொல். ஜெர்மன் அகராதியில் லெர்முக்குச் சற்றுத் தள்ளி 'லார்மொயாண்ட்' என்ற சொல்லும் இருக்கும், அழுமூஞ்சித்தனமான என்று பொருள், அது இந்தப் பிரெஞ்சுக் கண்ணீரின் பிள்ளை.

மூன்றாவது, சுருக்கெழுத்துக் கதைகள். ஒரு எச்சரிக்கைச் சொல்லின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல்லை வைத்து யாராவது விளக்கினால் உடனே சந்தேகப்படுங்கள். ஆபத்தில் சிக்கிய கப்பல்கள் அனுப்பும் எஸ்.ஓ.எஸ். என்பது "எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்" என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்போம். 1906இல் பெர்லின் மாநாட்டில் அதை ஏற்றபோது அது மோர்ஸ் தந்திக் குறியீட்டில் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்ற தெளிவான தொடர் ஒலிதான். விரிவாக்கமெல்லாம் பிறகு ஒட்டியது.

எல்லா மொழியும் கடன் வாங்கியிருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். கிரேக்கத்தில் அலாரத்துக்கு 'சினாயெர்மோஸ்', உடைத்தால் "ஒன்றாகத் திரட்டுவது". எழுத்தில் துளிகூட ஒற்றுமை இல்லை, ஆனால் கட்டளை கிட்டத்தட்ட அதேதான்: எல்லோரும் வந்து கூடுங்கள். ரஷ்யர்கள் ஆபத்தில் கத்தும் 'கரவூல்' துருக்கிய மொழிகளிலிருந்து வந்த சொல், பொருள் காவல்படை; காவலரைக் கூப்பிட்ட கூப்பாடே "காப்பாற்றுங்கள்" என்ற பொருளை எடுத்துக்கொண்டது. ஆகவே உருவத்தால் தேடுவது ஒரு வழி, பொருளால் தேடுவது இன்னொரு வழி, இரண்டையும் செய்யுங்கள், ஆனால் குறிப்பேட்டில் தனித்தனியாக எழுதுங்கள். இல்லாவிட்டால் எது கடன், எது தற்செயல் என்பது ஒரு வாரத்தில் உங்களுக்கே புரியாது.

குறிப்பு எடுக்கும்போது ஒவ்வொரு மொழிக்கும் சொல்லின் பழைய உருவம், கிடைத்த நூற்றாண்டு, அன்றைய பொருள், இன்றைய பொருள் என்று நான்கு விவரங்கள் போதும். பிரெஞ்சுக்கு 'த்ரெசோர்' என்ற பேரகராதி, ஜெர்மனுக்கு கிரிம் சகோதரர்கள் தொடங்கிய அகராதி, ஸ்வீடிஷுக்கு அவர்களுடைய அகாதமியின் அகராதி எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பழைய மேற்கோள்களின் காலத்தையும் எழுத்துக் கூட்டலையும் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பயிற்சிக்கு இன்னும் சில. ஸ்பானியர்கள் "ஜாக்கிரதை" என்பதற்குச் சொல்லும் 'குயிதாதோ'வைப் பின்தொடர்ந்தால் லத்தீனில் யோசிப்பதைக் குறிக்கும் 'கோகிதாரே' கிடைக்கும். முதலில் யோசி என்பதுதான் அங்கே எச்சரிக்கை. பிரெஞ்சில் "விலகு, கவனம்" என்று கத்தும் 'கார்', கவனமாக இருப்பதைக் குறித்த பழைய ஜெர்மானியச் சொல்லின் வழி வந்தது, ஆங்கிலத்து 'பிவேர்' அதற்குத் தூரத்துச் சொந்தம். ரயில் நிலையத்துக்கும் பிரெஞ்சில் 'கார்' என்றுதான் பெயர், படகை ஓரமாகப் பத்திரமாக நிறுத்தும் இடத்தைக் குறித்துப் பின் ரயிலுக்கு வந்தது. ஆபத்து மணியைக் குறிக்கும் 'தொக்சேன்' தெற்குப் பிரான்சின் ஒக்சித மொழியில் இரண்டாக உடையும்: அடி, மணி.

விமானிகளும் மாலுமிகளும் ஆபத்தில் சொல்லும் 'மேடே'யை மட்டும் நீங்களே உடைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் உடைத்தால் மே மாத நாள் என்று வரும், பொருளே பொருந்தாது, ஆகவே பிறந்த வீடு அது இல்லை. 1920களில் லண்டனுக்குப் பக்கத்தில் இருந்த கிராய்டன் விமான நிலையத்தில் இந்த அழைப்பு உருவானது, அங்கிருந்து அதிகமாகப் பறந்த வழி பாரிஸுக்கு. 1927இல் வாஷிங்டனில் கூடிய வானொலித் தந்தி மாநாடு இதை உலகம் முழுமைக்கும் ஏற்றபோது, எந்த மொழியின் உச்சரிப்பு இது என்பதையும் விதியிலேயே எழுதி வைத்தது. பிரெஞ்சு, 'மெதே': எனக்கு உதவு.