வெயில் இருந்தும் சார்ஜ் ஏறவில்லையா?

மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த 2023 டிசம்பரில் எங்கள் தெருவுக்கு மூன்று நாள் கரண்ட் இல்லை. மழை விட்டு வெயில் தலைகாட்டியதும், ஆசையாக வாங்கி வைத்திருந்த 21 வாட் மடிப்பு சோலார் பேனலை மொட்டை மாடியில் விரித்தேன். போனைச் செருகி, பேனல் மேலேயே வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் போன் தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. ஏறியிருந்தது 4 சதவீதம்.

பேனல் டுபாக்கூர் என்று திட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது.

லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் சூடேறியதும் போனே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும், இல்லை நிறுத்திவிடும். பேனல் வெயிலில், போன் நிழலில் இருக்க வேண்டும். பேனலைச் சாய்த்து நிறுத்தினால் அதன் பின்பக்கமே நிழல்தான். ஆனால் அங்கேயும் அனல் அடிக்கும், ஒட்டி வைக்காதீர்கள். பவர் பேங்கை வெயிலில் போடுவது இன்னும் மோசம்.

அடுத்த தவறு, 21 வாட் என்ற எண்ணை அப்படியே நம்புவது. சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சம் விழுந்து, பேனலில் உள்ள சோலார் செல்லின் சூடு 25 டிகிரியிலேயே இருந்தால் கிடைக்கும் ஆய்வுக்கூடக் கணக்கு அது. சித்திரை வெயிலில் செல் 60 டிகிரியைத் தொடும். சிலிக்கான் செல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் இழக்கும் என்றால், சூட்டிலேயே 14 சதவீதம் போச்சு. போதாக்குறைக்கு, பின்னால் பொடி எழுத்தில் '5 வோல்ட், 2.4 ஆம்பியர்' என்று போட்டிருந்தால் அந்த யூஎஸ்பி துளையில் 12 வாட்டுக்கு மேல் வராது. 5000 எம்.ஏ.எச். கொள்ளளவு பேட்டரி உள்ள போனுக்கு நல்ல வெயிலில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். 8000 எம்.ஏ.எச். டேப்லெட் என்றால் மூன்று மணிக்குக் குறையாது. இரண்டையும் ஒன்றாகச் செருகினால் இருப்பதைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும்.

தரையில் படுக்கப் போடுவதிலும் நஷ்டம் உண்டு. டிசம்பர் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியனே உச்சியிலிருந்து 36 டிகிரி தெற்கே தள்ளி நிற்கிறது. படுத்த பேனலில் ஐந்தில் ஒரு பங்கு வெயில் வீண். ஒரு பேனாவைப் பேனல் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் நிழல் மறையும்வரை பேனலைத் திருப்பினால் போதும். மணிக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும், சோம்பல் பட்டால் ஆகாது.

நிழலையும் கவனியுங்கள். அன்றைக்கு எங்கள் கொடியில் காய்ந்த துண்டின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்திருந்தது. மூலைதானே என்று விட முடியாது. வரிசையாக இணைத்த செல்களில் ஒன்று மறைந்தாலும், தோட்டக் குழாயை ஓரிடத்தில் மிதித்த மாதிரி, மொத்த வரிசைக்கும் மின்னோட்டம் அடங்கிவிடும். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைப்பதும் வேண்டாம். வண்ணக் கண்ணாடி என்றால் பேச்சே இல்லை.

மேகம் வேறு படுத்தும். வெளிச்சம் ஒரு நிமிடம் குறைந்தால் சில போன்கள் மெதுவான சார்ஜுக்கு இறங்கிவிடும்; வெயில் திரும்பினாலும் பழைய வேகத்துக்கு ஏறாது, கழற்றிச் செருக வேண்டும். அதனால் நான் இப்போது பகலில் பவர் பேங்கை ஏற்றி, ராத்திரி அதிலிருந்து போனை ஏற்றுகிறேன். நடுவில் கொஞ்சம் இழப்பு உண்டுதான், காவல் காக்கும் வேலை மிச்சம். ஆனால் முதுகில் குட்டி பேனல் ஒட்டிய பவர் பேங்கை மட்டும் வாங்காதீர்கள். அந்தப் பேனல் தருவது ஒன்றரை வாட் அளவுதான். 10000 எம்.ஏ.எச். நிரம்ப 25 மணி நேர உச்சி வெயில் வேண்டும், அதுவும் பேட்டரியை வெயிலில் வாட்டிக்கொண்டே.

கரண்ட் வந்தபின், கேபிளில் ஓடும் மின்னோட்டத்தைக் காட்டும் யூஎஸ்பி மீட்டர் ஒன்று வாங்கி, அதே மாடியில் நிதானமாக அளந்து பார்த்தேன். என் இரண்டு மீட்டர் கேபிளில் 0.7 ஆம்பியர் ஓடியது. பேனலோடு பெட்டியில் வந்து, குட்டையாக இருக்கிறதே என்று பரணில் போட்டிருந்த அரை மீட்டர் கேபிளில் 1.8.