ஆட்டம் நின்றால் வலிப்பு நின்றதாகாது

ஐசியுவுக்குப் புதிதாக வரும் ஜூனியர் டாக்டர்கள், வலிப்பு நோயாளிகளிடம் நான் அன்று செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். சர்க்கரை, சோடியம் பார்க்க மறந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள். கீழே உள்ளவை அப்படிச் சிக்குவதில்லை.

“மருந்து மயக்கம்தான், எழுந்துடுவார்”

இதைக் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம், ஒரு காலத்தில் அதைச் சொன்னவன் நான்தான். வலிப்போடு வந்தவருக்கு அதை நிறுத்த லோராசிபாம் போட்டு, திரும்பாமலிருக்க ஃபீனைட்டாயின் ஏற்றி, வென்டிலேட்டரில் இணைத்தோம். கை கால் ஆட்டம் நின்றது. கேஸ் ஷீட்டில் ‘வலிப்பு கட்டுக்குள்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மறுநாளும் அவர் கண் திறக்கவில்லை. மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை என்றேன். அன்று இரவு நர்ஸ்தான் கேட்டார்: “சார், இடது இமை துடிச்சுக்கிட்டே இருக்கே, பார்த்தீங்களா?” மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி போட்டால் உள்ளே வலிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பிழைத்தார். பழைய ஞாபகம் மட்டும் திரும்பவில்லை.

1998-ல் வெளியான ஓர் ஆய்வில், நீடித்த வலிப்பு வெளியே அடங்கிய 164 பேருக்குத் தொடர் இஇஜி எடுத்தார்கள். 48 சதவீதம் பேருக்கு மூளையில் வலிப்பு தொடர்ந்தது. கண் ஒரு பக்கமே இழுத்திருப்பது, கருவிழி துள்ளுவது, வாயோரம் துடிப்பது எல்லாம் துப்புகள்தான். ஆனால் பலரிடம் எதுவுமே தெரியாது, சும்மா படுத்திருப்பார்கள். ஆகவே ஆட்டம் நின்றும் தெளிவு வரவில்லையா, விடியட்டும் என்று காத்திராமல் இஇஜி கேளுங்கள்.

அரை மணி இஇஜி சுத்தம் என்ற நிம்மதி

வலிப்பு விட்டுவிட்டு வரும். 24 மணி நேரமாவது ஓடட்டும். கோமா என்றால் 48.

ரொக்குரோனியம்

வென்டிலேட்டரில் இணைக்கப் போடும் இந்தத் தசைத் தளர்வு மருந்து தசையை அடக்கும். மூளையை அல்ல.

பென்சோ போட்டுத் தீர்ப்பு சொல்வது

வலிப்பா என்று பார்க்க லோராசிபாம் போன்ற பென்சோடயசிபைன் மருந்து போட்டுப் பார்ப்போம். இஇஜியில் அலை அடங்கி ஆளும் தெளிந்தால் சரி, வலிப்புதான். அலை மட்டும் அடங்கினால் எதுவும் நிரூபணமாகவில்லை. கல்லீரல், சிறுநீரகக் கோளாறில் வரும், வலிப்பு போலத் தெரியும் மும்முனை அலைகளும் பென்சோவுக்கு அடங்கும். அதே சமயம், ஆள் எழவில்லை என்பதால் வலிப்பு இல்லை என்றும் ஆகாது.

அரைகுறை டோஸ்

நீடித்த வலிப்புக்கு லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்தின் முதல் டோஸ் கிலோவுக்கு 60 மி.கி., உச்சம் 4,500. ஐந்நூறு போட்டுவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று எழுதாதீர்கள்.

செஃபிபைம்

சிறுநீரகம் பழுதான ஒருவர் திடீரென்று குழம்பினால், மூளை ஸ்கேனுக்கு அனுப்பும் முன் மருந்துச் சீட்டில் இந்த ஆன்டிபயாடிக் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். உடம்பில் தேங்கினால் இதுவே வெளியே தெரியாத வலிப்பைக் கொண்டுவரலாம்.